வலது காதுப் பக்கம் வந்த கோல்

பயிற்றுநர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர் போன கிழமை என்னைச் சுற்றி நின்று, "அன்ரி, அஞ்சலோட்டத்துக்கு எந்தப் பயிற்சி நல்லது?" என்று கேட்டீர்கள். அதற்கான காணொளிகள் உங்கள் கைத்தொலைபேசியிலேயே நிறைய இருக்கின்றன. என்னைவிட அவை வடிவாகச் சொல்லும். எனக்குச் சொல்ல இருப்பது வேறு. நான் யாரோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்தேனோ அந்தப் பெண்ணைப் பற்றியும், ஒரு கோடையில் எங்கள் இருவரையும் குழப்பிய ஒரு கேள்வியைப் பற்றியும் சொல்கிறேன்.

அவருடைய பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. மைதானத்தில் எல்லோரும் அவரைப் 'பனி' என்றுதான் கூப்பிட்டோம். போலந்து மொழியில் ஒரு பெண்ணை மரியாதையாக அழைக்கும் சொல் அது. அவரிடம் முதலில் பயிற்சிக்கு வந்த போலந்துப் பிள்ளைகள் அப்படிக் கூப்பிட, பின்னால் வந்தவர்கள் அதையே பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் ஒரு குளிர்காலம் முழுவதும் அப்படித்தான் நினைத்திருந்தேன். "பனி எண்ட பேரோடை கனடாவுக்கு வந்திருக்கிறா, பாருங்கோவன்" என்று என் கணவர் சிரிப்பார்.

பனி தன் நாட்டுக்காக, நால்வர் ஓடும் நூறு மீற்றர் அஞ்சலோட்டம் ஓடியவர். ஓட்டத்தை விட்டபின் ரொறன்ரோவின் மேற்குப் பக்கத்தில் இருந்த ஒன்றுவிட்ட சகோதரியிடம் வந்து, அலுவலகங்களைத் துப்புரவு செய்து, பிறகு ஒரு வெதுப்பகத்தில் வேலை செய்து, மெல்ல மெல்லப் பயிற்றுநர் ஆனார். ஸ்காபரோவில் இருந்த எங்கள் கழகத்துக்கு நகரத்தின் மறு கரையிலிருந்து கார் ஓட்டி வருவார். நான் யாழ்ப்பாணத்தில் பாடசாலைக் காலத்தில் ஓடியவள். இங்கே என் மகளை மைதானத்தில் விட்டுவிட்டு வேலிக்கு வெளியே நின்று, ஓடுகிற பிள்ளைகளுக்கெல்லாம் தமிழில் கத்திக்கொண்டிருப்பேன். ஒருநாள் அவர் வேலியருகே வந்து, "அங்கே நின்று கத்துவதை இங்கே வந்து சொல்லலாமே" என்றார். அப்படித்தான் நான் உள்ளே போனேன். அவர் பேசியது போலந்து வாசம் வீசும் ஆங்கிலம். நான் அதைத் தமிழில் தருகிறேன்.

முதல் நாளே ஒரு பிள்ளையை ஓடவிட்டு, "என்ன பார்த்தாய்?" என்று கேட்டார்.

"முழங்கால் போதுமான அளவு உயரவில்லை."

"ஏன் உயரவில்லை?"

"தெரியாது."

"நல்லது. தெரியாவிட்டால் அவளிடம் போய்க் கேள்."

போய்க் கேட்டேன். சப்பாத்து ஒரு அளவு சிறியது என்றாள். அக்காவுடைய சப்பாத்து. அன்று மாலை முழங்காலைப் பற்றி நான் தயாராக வைத்திருந்த சொற்பொழிவு வீணாகப் போனது.

பனி எல்லாவற்றையும் கேட்பார். காலையில் என்ன சாப்பிட்டாய், பேருந்தில் எந்தப் பக்கம் அமர்ந்து வருவாய், நேற்று ஏன் சிரித்தாய். சில பிள்ளைகளுக்கு அது எரிச்சல். எனக்கும் முதலில் இது என்ன விடுப்பு, அடுத்தவர் கதை அறிகிற ஆசை என்றுதான் இருந்தது. அந்த விடுப்புக்கு ஒரு காரணம் இருந்தது. அது எனக்குத் தெரிய வந்தது மதுராவால்.

மதுரா அஜின்கோர்ட்டிலிருந்து வந்த பிள்ளை. இங்கே பிறந்தவள், பதினோராம் வகுப்பு. வளைவில் அவளைப் போல ஓட எங்கள் கழகத்தில் ஆள் இல்லை. அதனால் அஞ்சலோட்டத்தில் அவளுக்கு மூன்றாவது இடம். அவளுக்குக் கோலைக் கொண்டுவந்து கொடுப்பவள் கெஷா. ஜமேக்காப் பெற்றோரின் மகள், மனதில் இருப்பது அப்படியே வாயில் வரும். கடைசியாக ஓடுபவள் ஹோடன். முதலாவது இடத்தில் ஓடியவளால் எங்களுக்கு ஒரு நாளும் ஒரு பிரச்சினையும் வந்ததில்லை, ஆகையால் இந்தக் கதையிலும் அவள் இல்லை.

அஞ்சலோட்டத்தில் கோலை வாங்குபவள் திரும்பிப் பார்க்காமல் ஓடத் தொடங்குவாள். பின்னால் வருபவள் கிட்ட வந்ததும் ஒரு சத்தம் போடுவாள். அப்போது எல்லோரும் போடும் சத்தம் 'ஸ்டிக்'. அது கேட்டதும் முன்னால் ஓடுபவளின் கை பின்னால் நீள வேண்டும். கெஷாவின் சத்தத்துக்கு மதுராவின் கை சில நாள் சரியாக வரும். சில நாள் வரவே வராது. சில நாள் கெஷா வாயைத் திறக்க முன்னரே வந்து நிற்கும். ஒரு பின்னேரம் கெஷா கோலைப் புல்லில் எறிந்துவிட்டு, "இவள் வேண்டுமென்றே செய்கிறாள். நான் கத்துகிறேன், இவள் கவனிக்கிறதே இல்லை!" என்றாள்.

"ஐ ஆம் லிசனிங்!" என்று மதுரா கத்தினாள். பிறகு என்னைப் பார்த்து, "அன்ரி, நான் கவனிச்சுக்கொண்டுதான் நிக்கிறன்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

திமிர் என்று கழகத்தில் பேச்சு. இடத்தை மாற்றலாம் என்று நானும் சொன்னேன். பனி இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றார். சில நாட்கள் கழித்து ஒரு விசித்திரமான விஷயத்தைச் சொன்னார்: "வெயில் நாளில் இவளுக்குக் கை சரியாக வருகிறது. மேகம் மூடிய மப்பு நாளில் வருவதில்லை. வெயிலுக்கும் கைக்கும் என்ன தொடர்பு?"

எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆனால் அடுத்த மூன்று பயிற்சிகளிலும் நான் ஓடுகிற பிள்ளையைப் பார்த்தேனோ இல்லையோ, வானத்தைப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான்.

"வீட்டில் ஏதாவது காரணம் இருக்கலாம். நீ தமிழில் அவளுடைய அம்மாவோடு பேசிப் பார்" என்றார்.

அன்றைக்கே தொலைபேசியில் எடுத்தேன். மதுராவின் தாய் சாந்தியை எனக்குக் கோயிலில் கண்ட பழக்கம். சுகம் விசாரித்துவிட்டு, எங்கள் ஆட்கள் எல்லோரும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வது போலத்தான் தொடங்கினேன்.

"சாந்தி, வேறை ஒண்டுமில்லை. பிள்ளை எங்கடை சொல்லுக் கேக்கிறாள் இல்லை."

மறுமுனையில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"உது ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்றார் சாந்தி. குரல் மாறியிருந்தது. "அவளே சொன்னவள்?"

"என்னத்தை?"

"காது கேக்காதெண்டு."

சொல்வழி கேட்காததைப் பற்றிப் பேசப் போனவள் நான். அவருக்கு அந்தச் சொல்லில் வேறு பொருள் விழுந்திருக்கிறது.

"வலக் காது. சின்னனிலை காதுக்குள்ளை சீழ் வைச்சுப் பழுதாப் போச்சுது. நான் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லேல்லை. சொன்னா வேறை வகுப்பிலை போட்டிடுவினம் எண்டு பயந்துபோனன். வந்த புதிசு, ஒருத்தரையும் தெரியாது. 'நீயும் சொல்லாதை பிள்ளை' எண்டு போட்டன். அவள் இண்டைவரைக்கும் சொல்லேல்லைப் போலை." பிறகு, "இப்ப ஓட்டத்தாலை எடுத்துப்போடுவியளோ?" என்று கேட்டார்.

"அப்பிடி ஒண்டும் நடக்காது" என்றேன். அந்த உறுதியை எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் பயிற்சி தொடங்க முதல் பனியும் நானும் மதுராவோடு பார்வையாளர் படியில் இருந்தோம். அவள் முதல் கேட்டது, "ஆர் யூ கிக்கிங் மீ ஆஃப் த டீம்?"

பனி அவளுடைய இடப் பக்கமாக எழுந்து போய் அமர்ந்தார். "இல்லை. எனக்கு ஒன்று தெரிய வேண்டும். வெயில் நாளில் கெஷா கிட்ட வருவது உனக்கு எப்படித் தெரிகிறது?"

மதுரா ஓடுபாதையைப் பார்த்தாள். பிறகு, "நிழல்" என்றாள். "பின்னேரத்திலை அவளின்ரை நிழல் எனக்கு முன்னாலை வரும் அன்ரி. அதைப் பாத்துக் கையை நீட்டுவன். ஓடேக்கை மற்றக் காதுக்குள்ளை காத்துத்தான் இரையும். மப்பெண்டா, ஐ ஜஸ்ட் கெஸ்."

நான் அதைப் பனிக்கு ஆங்கிலத்தில் சொன்னதும் அவர் எழுந்து போய், ஓடுபாதையில் தானே நின்று, என்னைப் பின்னால் ஓடி வரச் சொன்னார். என் நிழல் அவருடைய காலடியைத் தாண்டி முன்னால் போனதைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை போலக் கை தட்டினார். "நான் இத்தனை வருடம் ஓடினேன். இதைப் பார்த்ததே இல்லை!" மதுரா முதல் தடவையாகச் சிரித்தாள். அவள் ஒளித்து வைத்திருந்த விஷயத்தை ஒருவர் இப்படி வியந்து பார்ப்பார் என்று அவள் எதிர்பார்த்திருக்க மாட்டாள்.

பிறகுதான் பனி கேட்டார்: "மற்றவர்களுக்குச் சொல்லலாமா? நீ வேண்டாம் என்றால் சொல்ல மாட்டேன்." மதுரா தானே சொல்வதாகச் சொன்னாள். சொன்னாள். கெஷா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நான் அத்தனை நாளும் கத்தியது யாருக்கு?" என்றாள். அவ்வளவுதான். மன்னிப்பு, கட்டிப்பிடித்தல் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து மதுராவோடு பேசும்போது அவள் இடப் பக்கம் வந்து நிற்கத் தொடங்கினாள்.

நீங்கள் கேட்பீர்கள், ஏன் மதுராவை வேறு இடத்துக்கு மாற்றவில்லை என்று. மூன்றாவது ஓட்டக்காரி வலக் கையால் வாங்குபவள். கோல் அவளுடைய வலது பின்பக்கமாக வரும். முதலாவதும் வளைவுதான், ஆனால் துப்பாக்கிச் சத்தத்தோடு புறப்படுவதில் அவள் மந்தம். இரண்டாவதாகவோ நான்காவதாகவோ போட்டால் அது இடப் பக்கம் வரும். அதையும் பார்த்தோம். அவை நேர்ப்பாதைகள், வளைவில் அவளுக்கிருந்த வேகம் வீணாகப் போனது, மற்ற மூன்று பேரின் ஒழுங்கும் குலைந்தது. பனி வேறு வழி சொன்னார். தன் நாட்டு அணியில் சத்தமே போடாமல் கோல் மாற்றப் பழகினார்களாம். நிறைந்த மைதானத்தில் பார்வையாளர் இரைச்சலில் யாருக்குமே எதுவும் கேட்காது. வாங்குபவள் புறப்பட்டு ஓடி, குறித்த ஓர் அடியில் கையைப் பின்னால் நீட்டிவிடுவாள். கொடுப்பவள் அந்த நேரத்துக்கு அங்கே இருக்க வேண்டும். அவ்வளவும் நம்பிக்கை. கெஷாவும் மதுராவும் பள்ளிக்கூட ஆண்டு முடியும்வரை அதைப் பழகினார்கள். வெயில், மப்பு, ஒரு நாள் அடித்த ஆலங்கட்டி மழை, எல்லாவற்றிலும் கை வந்தது.

இனித்தான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் நாள் வருகிறது. பெரிய போட்டி. காலையில் தெரிவோட்டத்தில் நன்றாக ஓடி இறுதி ஓட்டத்துக்கு வந்துவிட்டோம். மதியம் எங்கள் கழகத் தலைவர் வந்தார். நல்ல மனிதர், கழகத்துக்காக ஓடி ஓடி உழைப்பவர். யாரோ ஒரு பெற்றோர் மூலம் மதுராவின் காதைப் பற்றி அன்றுதான் அவருக்குத் தெரிய வந்திருக்கிறது.

"இறுதி ஓட்டத்தில் இந்த ஆபத்து வேண்டாம். மாற்று ஓட்டக்காரியைப் போடுங்கள்" என்றார். "மதுராவுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். பாவம், மனம் உடைந்துவிடும். மற்றப் பிள்ளையிடம் மார்பில் குத்தும் இலக்கத்தைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்."

பனியின் முகம் நான் அதுவரை பார்க்காத முகமாக மாறியது. "யோசித்துச் சொல்கிறேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு உடற்சூடு செய்யும் புல்வெளிக்குப் போனார். வானம் முழுக்க மப்பு. ஒரு நிழல்கூட இல்லை.

அங்கேதான் சொன்னார். அவருடைய வாழ்க்கையின் பெரிய போட்டி. காலையில் தெரிவோட்டம் ஓடியிருக்கிறார். பின்னேரம் இறுதி ஓட்டத்துக்காக உடலைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது, இன்னொருத்தி தன் மார்பில் இலக்கத்தை ஊசியால் குத்திக்கொண்டிருப்பதைக் கண்டார். அது அவருடைய இடத்துக்கான இலக்கம். யாரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நால்வரும் வாயிலால் உள்ளே போவதை நின்று பார்த்தார்.

"அவள் நன்றாகவே ஓடினாள். அந்த முடிவு சரியாகக்கூட இருந்திருக்கலாம்" என்றார் பனி. "ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் அங்கே இல்லை. அந்தப் பயிற்றுநர் இறந்துபோய்விட்டார். இனி எனக்குத் தெரியவே வராது."

"அதாலைதான் எல்லாரையும் கேள்வி கேக்கிறியளோ?" என்று எனக்குத் தமிழில்தான் வந்தது. அவருக்கு விளங்கியது போலத் தலையசைத்தார்.

அவர் தலைவரிடம் போகவில்லை. நேரே பிள்ளைகளிடம் போனார். மாற்று ஓட்டக்காரி உட்பட எல்லோரையும் வட்டமாக இருத்தி, தலைவர் சொன்னதை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். மதுரா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நேரத்தில் இதைச் சொல்ல வேண்டுமா, பிள்ளை இனி எப்படி ஓடும் என்று தவித்தேன்.

பனி கெஷாவைப் பார்த்தார். "கோலைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறவள் நீ. ஆபத்து உனக்குத்தான். மரியாதைக்காகப் பதில் சொல்லாதே. யாரிடம் கொடுக்க விரும்புகிறாய்?"

கெஷா யோசிக்கவே இல்லை. "மதுராவிடம். மற்ற எல்லோரும் கடைசி நேரத்தில் கொஞ்சம் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தால் வேகம் குறையும். இவள் பார்ப்பதில்லை."

மாற்று ஓட்டக்காரி, "அது உண்மை கோச். நான் பார்ப்பேன்" என்றாள். அந்தப் பிள்ளையை நான் இன்றைக்கும் நினைப்பேன். இறுதி ஓட்டத்தில் ஓடும் ஒரே வாய்ப்பு அவளுக்கு அது.

பனி தலைவரிடம் போய், மதுரா ஓடுகிறாள், காரணம் இதுதான், தோற்றால் என்னுடைய பொறுப்பு என்றார். தலைவருக்கு விருப்பமில்லை. ஆனால் விட்டுக்கொடுத்தார்.

ஓட்டம் தொடங்கியது. நான் இரண்டாவது கோல் மாற்றம் நடக்கும் எல்லைக்கு நேரே வேலியில் நின்றேன். கெஷா முன்னணியில் வந்தாள். மதுரா புறப்பட்டாள். திரும்பவில்லை. கை பின்னால் நீண்டது, கோல் அதற்குள் போய் இருந்தது. பக்கத்து ஓடுபாதைகளில் எல்லாம் ஒரே கத்தல். எங்கள் பாதையில் மட்டும் மௌனம். வளைவில் மதுரா ஓடியதை என்னால் எழுத முடியாது. வளைவு முடியும்போது நாங்கள்தான் முன்னால்.

பிறகு கடைசி மாற்றம். காது நன்றாகக் கேட்கும் ஹோடன் பழையபடி 'ஸ்டிக்' சத்தத்துக்குக் காத்திருந்த இடம். மதுரா இன்னும் கிட்ட வரவில்லை. ஹோடனின் கை பின்னால் நீண்டுவிட்டது. நீட்டிய கையோடு ஓட வேகம் குலைந்தது. மதுரா அவள்மேல் மோதுவது போல வந்தாள். கோல் மணிக்கட்டில் பட்டு, தடுமாறி, கையில் சேர்ந்தபோது எல்லை தாண்டிவிட்டது. மஞ்சள் கொடி உயர்ந்தது. நாங்கள் நீக்கப்பட்டோம்.

தலைவர் என்னைத் தாண்டிப் போகும்போது, "நான் சொன்னேனே" என்றார்.

"எந்த மாற்றத்தில் நடந்தது என்று பார்த்தீர்களா?" என்று கேட்டேன். அவர் பார்த்திருக்கவில்லை.

ஹோடன் புல்லில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பனி அவளருகே தரையில் அமர்ந்தார். ஆறுதலும் சொல்லவில்லை, ஏசவும் இல்லை.

"உனக்கு என்ன கேட்டது?"

"ஸ்டிக் என்று கேட்டது."

"யாருடைய குரல்?"

ஹோடன் கையை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "தெரியாது" என்றாள். பிறகு மெதுவாக, "மதுராவின் குரல் இல்லை" என்றாள்.

பக்கத்து ஓடுபாதைக்காரியின் சத்தம் அது. எல்லா அணியும் ஒரே சொல்லைத்தான் கத்துகிறது. "அப்படியென்றால் பிழை உன் கையில் இல்லை. நான் தந்த சொல்லில் இருக்கிறது" என்றார் பனி. ஹோடனின் அழுகை நின்றது. தோற்ற பிள்ளைக்கு நீங்கள் கொடுக்கக் கூடியது ஒரு சரியான காரணம். பொய்யான ஆறுதலைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எல்லோரும் வாகனத் தரிப்பிடத்துக்கு வந்தபோது சாந்தி கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். வெற்றிக்கென்று சுருட்டிப் பொரித்துக் கொண்டுவந்த ரோல்ஸ். "தோத்தாலும் பசிக்கும்தானே" என்று ஒவ்வொருவர் கையிலும் வைத்தார். "இந்தா பிள்ளை. இந்தா, பிடி. ரீச்சர், இந்தாங்கோ."

பனி ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றார். "இவர் எல்லோரிடமும் சொல்வது என்ன சொல்?"

"ஒன்றைக் கையில் கொடுக்கும்போது சொல்வது" என்றேன்.

"கையில் கொடுக்கும்போது மட்டுமா?"

"ஆம், அதற்குத்தான்."

"எங்களிடமும் ஒன்று இருக்கிறது. 'மாஷ்' என்போம்" என்றவர், பிள்ளைகள் பக்கம் திரும்பி, "பக்கத்து ஓடுபாதையில் இந்தச் சொல்லை யாராவது கத்துவார்களா?" என்று கேட்டார்.

கெஷா வாய் நிறைய ரோல்ஸோடு, "இந்தா!" என்று கத்திப் பார்த்தாள். தரிப்பிடத்தில் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் திரும்பிப் பார்த்தன. சாந்தி சிரித்த சிரிப்பில் கண்ணால் தண்ணீர் வந்தது. வேறு எதற்காகவும் வந்திருக்கலாம். அடுத்த கிழமை அவர் மதுராவைக் காது வைத்தியரிடம் தானே கூட்டிக்கொண்டு போனார்.

பனி அதற்குப் பின்னும் பல பருவங்கள் எங்களோடு இருந்தார். முழங்கால் இயலாமல் போனபின் போலந்துக்குத் திரும்பிவிட்டார். இன்றைக்கும் தொலைபேசியில் எடுத்து, கழகத்தில் யார் யார் ஓடுகிறார்கள், ஏன் அப்படி ஓடுகிறார்கள் என்று என்னைக் குடைவார். அதனால்தான் ஓய்வு பெற்ற பிறகும் நான் மைதானத்துக்கு வந்துகொண்டிருக்கிறேன். பதில் சொல்ல வேண்டுமே.

அந்தக் கோடையின் கடைசிப் போட்டியை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அதே நான்கு பேர். மதுராவும் ஹோடனும் புதுச் சொல்லோடு மாற்றுவதற்குப் பழகியிருந்தார்கள். கெஷாவும் மதுராவும் மாற்றுவது எப்போதும் போலச் சத்தமில்லாமல்தான். நான் அந்த எல்லையருகே நின்றேன். மதுரா புறப்பட்டாள், கை நீண்டது, கோலை அதில் வைக்கிற கணத்தில் கெஷா வானம் அதிர, "இந்தா!" என்று கத்தினாள்.

அன்று வென்றார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு வந்த கெஷாவிடம் பனி கேட்டார்: "நீ ஏன் கத்தினாய்? அவளுக்கு அந்தப் பக்கம் கேட்காது என்று உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும் கோச்" என்றாள் கெஷா. "அவள் அம்மா கொடுக்கும்போது சொல்கிறாரே. சொல்லாமல் கொடுத்தால் எறிவது போல இருக்கிறது."